இயந்திரம் எழுதும் நாட்குறிப்பு

பாய்க்கப்பல்கள் கடலையாண்ட காலத்திலே, கப்பலின் வேகத்தை அளப்பதற்கு மாலுமிகள் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டனர். முடிச்சுகள் இட்ட நீண்ட கயிற்றின் நுனியில் மரக்கட்டையொன்றைக் கட்டிப் பின்புறமாகக் கடலில் எறிவர். மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என எண்ணி ஏட்டிற் குறிப்பர். கட்டையை ஆங்கிலேயர் 'லொக்' என்றனர். ஏடும் நாளடைவில் அப்பெயரையே பெற்றது. இன்று கணினிச் செய்நிரல்கள் எழுதிவைக்கும் குறிப்புகளுக்கும் அதுவே பெயர். கடலையே காணாத இயந்திரத்துக்குக் கடலோடியின் சொல் வந்து வாய்த்தது வியப்பன்றோ!

செய்நிரலுக்குக் குறிப்பேடு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அது ஓடும்போது அதனை ஆக்கியவர் அருகில் இருப்பதில்லை. நள்ளிரவில் எங்கோ ஓர் அலுவலகத்தில் அது பழுதுபட்டு நின்றுவிட்டால், நிகழ்ந்ததைக் கூற அங்கே சாட்சியொருவரும் இலர். ஆதலால், இன்ன நேரத்தில் இன்ன கோப்பைத் திறந்தேன், இன்ன இடத்திலிருந்து விடை கிடைக்கவில்லை என்று வரிவரியாகத் தானே எழுதிச் செல்லுமாறு அதனைப் பழக்கிவிடுகின்றனர்.

தொடக்கத்தில் இவ்வேட்டை மனிதரே எழுதினர். 1947 செப்டெம்பர் 9ஆந் தேதி, அமெரிக்காவின் ஹார்வார்ட் சர்வகலாசாலையில் 'மார்க் 2' என்னும் கணிப்பொறி தடுமாறியது. உள்ளே பார்த்தால், மின்தொடுப்பொன்றிடையே அந்துப்பூச்சியொன்று அகப்பட்டுக் கிடந்தது! அதனை எடுத்து அன்றைய ஏட்டிலேயே ஒட்டி, மெய்யான பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது இதுவே முதன்முறை என்று குறித்துவைத்தனர். பழுதைப் 'பூச்சி' என்னும் வழக்கு அன்றுதான் பிறந்ததென்று பலரும் கூறுவர். அது தவறு. எடிசனே அதற்கு நெடுங்காலம் முன்னர் அச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஏட்டிலுள்ள நகைச்சுவையும் அதனாலேயே விளங்குகிறது. அவ்வேடு இன்றும் சிமித்சோனியன் நூதனசாலையில், பூச்சியோடு பேணப்படுகிறது.

இயந்திரமே எழுதத் தொடங்கிய பின்னர் வேறொரு தொல்லை நேர்ந்தது. ஒவ்வொரு செய்நிரலும் தன் மனம்போனவாறு எழுதியது. 1980களில் பேர்க்லியில், மின்னஞ்சல் அனுப்பும் செய்நிரலை ஆக்கிய எரிக் ஓல்மன் என்பார், அதற்கென 'சிஸ்லொக்' என்ற பொதுமுறையை அமைத்தார். செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுத் தரங்கள் உள. பூச்சியமெனில் தொகுதி முழுதுமே பயனற்றுப் போயிற்று என்பது பொருள். ஏழெனில் பழுது தேடுவார்க்கான நுண்விவரம். ஏனைய செய்நிரல்களும் இம்முறையைத் தழுவிக்கொண்டன.

அடியோடு விழுந்துவிடும் செய்நிரலின் கதை வேறு. வீழுந் தறுவாயில் அதன் ஞாபகத்தில் இருந்தவற்றை எல்லாம் பணிசெயல் முறைமை ஒரு கோப்பிற் கொட்டிவைக்கும். முற்காலத்தில் ஞாபகம் சிறு காந்த வளையங்களால் ஆனது. அவ்வளையத்துக்குக் 'கோர்' என்று பெயர். வளையங்கள் மறைந்தன, அக்கோப்பைக் 'கோர்' என்றழைப்பது மட்டும் மறையவில்லை.

இப்போது பெரும்பாலோர் குறிப்பெழுதும் பகுதியைப் புதிதாக ஆக்குவதில்லை. ஆயத்தமாய் உள்ள செயற்றொகுதிகளை, 'நூலகம்' என்ற பெயரால், எடுத்தாளுகின்றனர். அவற்றுள் ஒன்றே ஜாவா மொழிக்குரிய 'லொக்4ஜே'. 2021 டிசெம்பரில் அதன் குறையொன்று வெளிப்பட்டபோது உலகமே கலங்கியது. குறை யாது? ஒரு கணக்கப்பிள்ளையை எண்ணிக்கொள்வோம். வந்த கடிதங்களை ஏட்டிற் பதிவதே அவர் தொழில். ஒரு கடிதத்தில் 'பெட்டகத்தைத் திற' என்றிருந்தால், பதிந்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டியவர், எழுந்துபோய்ப் பெட்டகத்தையும் திறந்துவிட்டார்! செய்தியினுள் ஒரு குறித்த வடிவிற் சொற்றொடர் இருப்பின், அந்நூலகம் அதனைக் கட்டளையெனக் கொண்டு, வெளியிடத்திலிருந்து செய்நிரலை வரவழைத்து இயக்கவும் இடமளித்தது. 'மைன்கிராப்ட்' விளையாட்டின் உரையாடற் பெட்டியில் ஒரு வரி எழுதினாலே போதுமாயிருந்தது. ஆபத்தை அளக்கும் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி இட்டனர். பெருங் கம்பனிகள் பலவும் நம்பியிருந்த அந்நூலகத்தைப் பேணியோர் பெரும்பாலும் தொண்டர்கள் என்பது நமக்கு மிகவும் உறுத்துகிறது. அவர்களே அம்மாதத்துள் உறக்கங் கெட்டுத் திருத்தத்தின்மேல் திருத்தமாக வெளியிட்டனர்.

எழுதத் தகாததை எழுதிவிடுவதும் உண்டு. 2018 மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறைக்கப்படுமுன்னரே தன் உட்குறிப்பேட்டில் வெளிப்படையாகப் பதிந்துவிட்டன என்று அறிவித்து, 33 கோடிக்கு மேற்பட்ட பாவனையாளரைக் கடவுச்சொல்லை மாற்றுமாறு வேண்டிக்கொண்டது.

பைதன் மொழி பயிலும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. அம்மொழியோடு 2003 முதல் குறிப்பெழுதும் நூலகமும் சேர்ந்தே வருகிறது. அதிலுள்ள தரங்கள் ஐந்து. நாம் ஒன்றும் விதிக்காவிடின், எச்சரிக்கையும் அதற்கு மேற்பட்டவையுமே வெளிப்படும். சாதாரணச் செய்திகள் வாய்திறவா. எழுதிய வரி ஏன் தோன்றவில்லை என்று திகைப்போர் முதலில் இதனைப் பார்ப்பாராக.