கரையோரக் கணக்கு – 9: ஜூன் மாதத்தைத் தாண்டுவது

பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கப் போகிற எவரும் முதலில் கேட்பது, வருஷத்துக்கு எவ்வளவு பீஸ் என்றுதான். பள்ளி அலுவலகத்தில் ஒரு தொகை சொல்வார்கள். அதை மூன்றால் வகுத்து, டேர்முக்கு இவ்வளவுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்புவோம். திருச்செந்தூர்க் கரையில் நகைகள் அடகுக்குப் போகும் காரணங்களில் பள்ளிக்கூடமும் ஒன்று என்று போன வாரம் சொல்லி நிறுத்தினேன். அந்தப் பள்ளிச் செலவையே இந்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. பீஸ் ஆண்டுக்கு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேனுக்கு மாதம் 1,200 வீதம் பத்து மாதம், 12,000. புத்தகம், நோட்டு, அட்டை போட்டு லேபிள் ஒட்டுவது வரை 5,000. இரண்டு செட் சீருடை, ஷூ, புதன்கிழமை மட்டும் போடும் வெள்ளை டிரஸ், எல்லாம் 4,500. டியூஷன் மாதம் 700, அது 7,000. ஆண்டு விழாவுக்கு மயில் வேஷம், ஒருநாள் டூர், பிராஜெக்ட் சார்ட், பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லெட் என்று 3,500. பீஸுக்கு மேலே 32,000 ஆகிவிட்டது. மொத்தம் 56,000. உங்கள் பள்ளிக்கு எண்கள் மாறும். ஆனால் பென்சிலை எடுத்து எழுதிப் பார்த்தால், பீஸைவிட மற்றவை கூடுதலாக நிற்பதைப் பலரும் காண்பீர்கள்.

இது ஒரு வருடக் கதை. எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை 14 வருடம். செலவு ஏறவே ஏறாது என்றால் 7.84 லட்சம். ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால் 15.67 லட்சம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. கடைசி வருடத்துக்கு மட்டும் ஒரு லட்சத்து 93 ஆயிரம் வரும். எல்.கே.ஜி. வாசலில் நிற்கும்போது பிளஸ் டூ பீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வருவது நல்லது. அதே பள்ளியில் மேல் வகுப்புப் பெற்றோர் யாராவது இருப்பார்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

இதுவரை சொன்னது கோயம்புத்தூரில் இருப்பவருக்கும் பொருந்தும். நம் கரையின் சங்கடம் வேறு. தொகையைவிட, அது வந்து விழும் மாதம்தான் இங்கே ஆளை அமுக்குகிறது.

மேலே சொன்ன கணக்கில் ஜூனில் மட்டும் கட்ட வேண்டியதைக் கூட்டுங்கள். முதல் டேர்ம் 8,000, புத்தகம் 5,000, சீருடை 4,500, வேனுக்கு முதல் மாதம் 1,200. ஆக 18,700 ரூபாய், ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பிள்ளைகள் என்றால் 37,400. அந்த நேரத்தில் கடல் எப்படி இருக்கிறது? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நம் கரையில் அமலிநகரிலும் ஆலந்தலையிலும் இருக்கும் வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லைதான். ஆனால் கச்சான் காற்று ஏறும் காலம் அது. காற்று பலத்த நாளில் வள்ளம் கரையில்தான் கிடக்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அரசு கொடுக்கிறது. அது அரிசி பருப்புக்கு. புத்தகக் கட்டுக்கு வராது.

பிறகென்ன, மீன் எடுக்கும் வியாபாரியிடம் முன்பணம், இல்லையென்றால் வட்டிக்கு. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் 37,400 வாங்கி ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி மட்டும் 6,732. கிட்டத்தட்ட இன்னொரு டேர்ம் பீஸ். அந்த வட்டியும் பள்ளிச் செலவுதான். ஆனால் எந்த வீட்டிலும் அதைப் பள்ளிச் செலவில் எழுதிவைப்பதில்லை. முன்பணம் இன்னும் மோசம். அதற்கு வட்டி கிடையாது என்பார்கள். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டியிருக்கும். வட்டி அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கும்.

பட்ஜெட் போடச் சொல்லித் தரும் புத்தகங்கள் எல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்காக எழுதப்பட்டவை. மாதம் இவ்வளவு ஒதுக்குங்கள் என்று ஆரம்பிக்கும். மன்னார் வளைகுடாக் கரை அப்படிப் பிழைத்ததே இல்லை. முத்துக்குளிப்பு நடந்த நாளிலும் கடலடிப் பார்களில் சிப்பி விளைந்த ஆண்டில் பணம், விளையாத ஆண்டுகளில் ஒன்றும் இல்லை. கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. முத்து போனாலும் பணம் வரும் விதம் பெரிதாக மாறவில்லை.

தொழிலுக்குத் தொழில் பணம் வரும் மாதங்கள் வேறு வேறு. ஆறுமுகநேரி உப்பளத் தொழிலாளிக்கு ஜூன் நல்ல மாதம், வெயிலில் உப்பு வாருகிற காலம். அவருக்குக் கஷ்டம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மழையில் அளம் மூழ்கிவிடும். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவதை அரசு 2022இல்தான் தொடங்கியது. இரண்டாம் டேர்ம் பீஸ் அவர் தலையில் சரியாக அந்த மழை மாதங்களில் வந்து விழும். உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவருக்குக் கோடையில் பதநீர். சீசன் முடிந்தபின் வீட்டில் இருக்கும் கருப்பட்டிதான் பணம். திருச்செந்தூர்க் கோயிலைச் சுற்றிக் கடை போட்டிருப்பவருக்கு வைகாசி விசாகம், ஆவணி, கந்த சஷ்டி, மாசி என்று திருவிழாவுக்குத் திருவிழா கல்லா நிறையும். இடையில் வெறும் நாட்கள். 2025 ஜூலை 7 குடமுழுக்கு போல ஒன்று எப்போதாவதுதான் வரும், அதை நம்பி யாரும் பீஸ் கட்ட முடியாது.

ஆகவே ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதுங்கள். மேலே உங்கள் வரவு, கீழே பள்ளி கேட்கும் தொகை. எந்த மாதத்தில் கீழே இருப்பது மேலே இருப்பதை விழுங்குகிறதோ, அந்த மாதத்துக்கான பணம் அதற்கு முந்தைய நல்ல மாதத்திலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும். வள்ளக்காரர் என்றால் மாதக் கணக்கு வேண்டாம், பங்கு பிரிக்கும் அன்றே எடுக்க வேண்டும். டீசல், ஐஸ் செலவு கழித்தபின் பங்கு போடுகிறோம் அல்லவா, அதேபோலப் பள்ளிக்கூடத்தையும் கழிக்க வேண்டிய செலவாக வைத்துவிடுவது. இது புது யோசனை அல்ல. நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கை எடுத்து வைத்துத்தான் பள்ளிகள் கட்டினார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வளர்ந்த பள்ளி. அரிசி உலையில் விழும் முன்பே ஒரு பிடி தனியே போய்விடும். மிச்சம் இருந்தால் தருகிறோம் என்று விட்டிருந்தால் அந்தப் பள்ளி எழுந்திருக்காது.

எடுத்த பணத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. பெண் பிறந்ததும் செல்வமகள் கணக்கு தொடங்குகிறார்கள், நல்லது, 8.2 சதவீத வட்டி வேறு எங்கே கிடைக்கிறது? ஆனால் அதில் கை வைக்க, பிள்ளை பத்தாம் வகுப்பு தேற வேண்டும் அல்லது 18 வயது ஆக வேண்டும். அதுவும் படிப்புக்கு, பாதிவரைதான். அது கல்லூரிப் பணம். ஜூன் மாதச் சீருடைக்கு உதவாது. இதற்கு வங்கிச் சேமிப்புக் கணக்கும், ஆளை நன்றாகத் தெரிந்த குழுச் சேமிப்பும் போதும். வட்டி குறைவாக இருக்கட்டும், ஜூனில் கைக்கு வர வேண்டும்.

செலவையே குறைக்க முடியாதா? கொஞ்சம் முடியும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு என்ன தொகை நிர்ணயித்திருக்கிறார்கள் என்று கேட்பது உரிமை. ரசீது இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் உண்டு. ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளும் சி.எஸ்.ஐ. பள்ளிகளும் நிறைந்த இந்த மாவட்டத்தில் அதனால் கழிந்துபோகும் இடங்கள் அதிகம். 2025இல் அந்தச் சேர்க்கையே அக்டோபரில்தான் நடந்தது. ஜூனில் பணம் கட்டாமல் காத்திருக்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது எனக்குப் புரியவில்லை. நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்தான். அங்கே ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியா, உதவி பெறுவதா என்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாகத் திட்டமிட்டும் ஒரு வருடம் கடல் கைவிட்டால், பள்ளிக்குப் போய்த் தவணை கேட்கக் கூச்சப்படாதீர்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், முதலில் 40 சதவீதமும் பள்ளி திறந்தபின் 35 சதவீதமுமாகப் பிரித்து வாங்கும்படி சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. பிரித்து வாங்கினால் பள்ளி மூடிப்போகாது. கட்டண பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தி வைப்பதும் கூடாது, டி.சி. பணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று அதே நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது.

மாதிரிக் கணக்கில் டியூஷனுக்கு 7,000 போட்டேன். அவ்வளவு பீஸ் வாங்கும் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு டியூஷன் எதற்கு என்று கேட்கத் தோன்றியவர்களுக்கு அடுத்த வாரம்.