சொட்டு மருந்து உள்ளே போகிறதா?

கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறதா? ஒருமுறை கருவிழிப் படலத்தைப் பரிசோதித்துவிடுங்கள். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அப்படலம் மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் ‘கெராட்டோகோனஸ்’ பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தலைகாட்டுகிறது. கண்ணைக் கசக்கினால் இன்னும் மோசமாகும்.

அது முற்றாமல் தடுக்கும் சிகிச்சை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. படலத்தின் மேலடுக்கை நீக்கி, வைட்டமின் பி2 கரைசலை ஊறவிட்டு, 30 நிமிடம் புறஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். உள்ளிருக்கும் கொலாஜன் இழைகள் பிணைந்து இறுகும்.

நீக்கிய மேலடுக்கு மீண்டும் வளரச் சில நாள் ஆகும். அதுவரை கிருமிகளுக்குக் கதவு திறந்த வீடுதான்! ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து அதற்காகவே. கதவு திறந்திருந்தால் மருந்தும் எளிதாக நுழையுமே என்கிறீர்களா? உண்மைதான், மருந்துக்கு முதல் தடையே அந்த மேலடுக்குதான். ஆனால், இறுகிய இழைகளுக்குள் சில மருந்துகள் ஊடுருவுவது ஓரளவு குறைவதாக விலங்குகளின் கண்களில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. போதாக்குறைக்கு, விட்ட சொட்டில் பெரும்பகுதி சில நிமிடங்களில் கண்ணீரோடு வடிந்துவிடும்.

வலி போனதும் புட்டியை ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. அது பார்வையோடு ஆடும் சூதாட்டம். மருத்துவர் சொன்ன நாள்வரை, சொன்ன நேரத்தில் விடுங்கள். இன்னொரு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி கொடுங்கள்.