நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் என்ன செய்வது?

(வானொலி பண்ணை ஒலிபரப்பில் பேசியதன் சுருக்கம்)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்கு அதற்கெல்லாம் ஆதாரமான நிலத்தைப் பற்றியே பேசப் போகிறோம். ஒருநாள் வயலுக்குப் போனால் வரப்போரம் புதுசாக ஒரு கல் நட்டிருக்கும். "இந்தப் பக்கம் பெரிய ரோடு வருதாம்" என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். ஒருத்தர் "கோடி கோடியாகத் தருவாங்க" என்பார். இன்னொருத்தர் "ஒண்ணும் தேறாது" என்பார். இரண்டையும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாதுங்க.

இழப்பீடு கடைசி நாளில் ஆபீசில் முடிவாகிற விஷயம் அல்ல. உங்க வீட்டுப் பெட்டியில் இருக்கிற பத்திரமும், முதல் 21 நாளில் நீங்க செய்கிற வேலையும்தான் அதில் பெரும்பங்கை முடிவு செய்கின்றன. இதை மட்டும் மனசில் நிறுத்திக்கொண்டு மேலே கேளுங்க.

முதல் அறிவிப்பும் 21 நாளும்

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலம் எடுக்கிறார்கள். மாநில நெடுஞ்சாலைக்குத் தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்க. இன்றைக்கு நாம் பேசுவது தேசிய நெடுஞ்சாலையைப் பற்றி.

முதலில் 3ஏ பிரிவின்படி அரசிதழில், அதாவது கெஜட்டில், அறிவிப்பு வரும். அதன் சாரத்தை இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து 21 நாளைக்குள் உங்க ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். நீங்க கேள்விப்பட்ட நாளிலிருந்து இல்லீங்க, வெளியான தேதியிலிருந்து. நேரில் போய்ச் சொல்லவும், வக்கீல் வைத்துச் சொல்லவும் உரிமை உண்டு. மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பாதீங்க. நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்க, அல்லது பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்புங்க.

"என் நிலத்தை எடுக்காதே" என்று ஒரு வரி எழுதினால் போதாது. சர்வே நம்பர், உட்பிரிவு, எவ்வளவு பரப்பு, கிணறு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விவரமாக எழுதுங்க. பரப்பைத் தப்பாகக் குறித்திருந்தாலும், கிணற்றை விட்டுவிட்டிருந்தாலும் அப்போதே சுட்டிக்காட்டுங்க.

சேலம் சாலை சொல்லும் பாடம்

சென்னை - சேலம் எட்டு வழிச் சாலையை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. 2018இல் அறிவித்த திட்டம் அது. சுமார் 277 கிலோமீட்டர் தூரம். அன்றைய காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் வழியாகத் திட்டமிட்டார்கள். விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் வருவாய்க் கணக்கில் நிலத்தின் பெயரை மாற்றி எழுதியது தப்பு, அதை உரியவர் பெயருக்கே திருப்ப வேண்டும் என்றும் சொன்னது.

இதில் நமக்கு என்ன பாடம்? முதல் அறிவிப்பு வந்ததுமே நிலம் கைமாறிவிடாது. 3டி பிரிவின்படி அடுத்த அறிவிப்பு கெஜட்டில் வந்தால்தான் நிலம் மத்திய அரசைச் சேரும். முதல் அறிவிப்பிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அது வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதி ஆகிவிடும். கோர்ட்டுத் தடை இருந்த காலத்தை இதில் சேர்க்க மாட்டார்கள். கல் நட்டதைப் பார்த்துப் பயந்து எவரிடமோ அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதீங்க.

பணம் எப்படிக் கணக்காகிறது?

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். முதலில் சந்தை மதிப்பு. பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பு ஒன்று. பக்கத்தில் அதே மாதிரி நிலம் முந்தைய மூன்று வருஷத்தில் விற்ற பத்திரங்களில், கூடுதல் விலை போட்ட பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். கிராமப்புறத்தில் அதை 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயித்த எண்ணால் பெருக்குவார்கள். அதோடு மரம், கிணறு, கட்டிடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்ப்பார்கள். வந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆறுதல் தொகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கர் சந்தை மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொள்ளுங்க. 12.5 லட்சம் ஆயிற்று. தென்னைக்கும் கிணற்றுக்கும் 2 லட்சம் சேர்த்தால் 14.5 லட்சம். ஆறுதல் தொகையோடு 29 லட்சம். இது போக, முதல் அறிவிப்பிலிருந்து தீர்வு வரைக்கும் சந்தை மதிப்பின் மேல் வருஷத்துக்கு 12 சதவீதம் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்க. நம்ம ஊர்க்காரர் எல்லாரும் முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க, 10 லட்சத்துக்கு வாங்கியதை 5 லட்சம் என்று பத்திரம் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? வழிகாட்டி மதிப்பும் அதை ஒட்டியே குறைவாக இருந்தால், தொடக்கமே பாதி. பாதியைப் பெருக்கினாலும் பாதிதான். அறிவிப்பு வந்த பிறகு கூட்டி எழுதினால் கணக்கில் வராது. உள்ள விலையைப் பத்திரத்தில் எழுதுவது அக்கம்பக்கத்து விவசாயிக்கும் செய்கிற உதவி.

மரங்களை நீங்களே எண்ணி, வயதோடும் காய்ப்போடும் ஒரு பட்டியல் எழுதி வையுங்க. கணக்கெடுக்க வரும்போது கூடவே நில்லுங்க. கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்க.

பட்டா யார் பேரில்?

நம்ம பக்கத்தில் நிறையப் பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கு. அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். கல்யாணம் ஆகிப்போன அக்கா தங்கைக்கும் பங்கு உண்டு. பணம் வரும் சமயத்தில் யாருக்கு எவ்வளவு என்று தகராறு வந்தால், அதிகாரி அதைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிடலாம். நிலம் ரோட்டுக்குப் போய்விடும், பணம் கோர்ட்டில் கிடக்கும். ஆகவே வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று இவற்றை இப்போதே சரி பண்ணுங்க. ரோடு வராவிட்டாலும் இந்த வேலை வீண் போகாது.

மிச்சம் நிற்கிற நிலம்

நான்கு ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் நடுவில் போகிறது என்றால், மிச்சம் இரண்டரை ஏக்கர் முழுசாக இருக்கும் என்று நினைக்காதீங்க. கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் ஆகிவிடும். மாட்டை ஓட்டிக்கொண்டு சுற்றி வர வேண்டிவரும். சாலைக்கு மண் உயர்த்தினால் மழைத் தண்ணீர் வடியாமல் தேங்கும். நிலத்தைத் துண்டாடுவதால் வரும் நஷ்டம், மற்ற சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் நஷ்டம், குடி மாறுகிற செலவு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்று சட்டத்தின் 3ஜி பிரிவு சொல்கிறது. நீங்க கேட்டால்தான் கவனிப்பார்கள். மதகு, வண்டிப் பாதை, மாடு போகிற சுரங்கப் பாதை வேண்டுமென்றால் வரைபடம் முடிவாகும் முன்பே ஊர் சேர்ந்து எழுதிக் கொடுங்க.

குத்தகைக்காரரும் கூலிக்காரரும்

மூன்று வருஷத்துக்குக் குறையாமல் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைக்காரரும் விவசாயக் கூலிக் குடும்பமும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பமே. நிலத்துக்காரர் பணம் வாங்கி வேறு ஊரில் நிலம் வாங்கிவிடலாம். கூலிக்காரருக்கு வேலைதான் சொத்து. மறுவாழ்வு உதவி கேட்டு அவங்களும் மனுச் செய்யணும். ரேஷன் கார்டு, வேலை அட்டை போன்ற ஆதாரங்களைப் பத்திரமாக வையுங்க.

தொகை போதவில்லை என்றால்

தீர்வுத் தொகை குறைவு என்று பட்டால் நடுவரிடம் போகலாம். நடுவர் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் தொகைக்கு 9 சதவீதம் வட்டி கொடுக்கச் சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு. நடுவர் முடிவில் சட்டப் பிழை இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு மூன்று மாதம்தான் கெடு. பணம் வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

பணம் டெபாசிட் ஆகாமல் நிலத்தைக் கையில் எடுக்கக் கூடாது. ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் 60 நாள் அவகாசம் உண்டு. நிற்கிற பயிர் இருந்தால் அதையும் எழுதிக் காட்டுங்க.

பணம் கைக்கு வந்த பிறகு அவசரப்படாதீங்க. கல்யாணம், கார், மாடி வீடு என்று போனால் இரண்டு வருஷத்தில் கரைந்துவிடும். நிலம் போன காசு நிலமாகத் திரும்பினால்தான் அடுத்த தலைமுறைக்கு அடுப்பெரியும். இன்று ராத்திரியே பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்துப் பாருங்க. பேர் யாருடையது, பரப்பு சரியா என்று பாருங்க. தப்பு இருந்தால் நாளைக்கே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்க.