'எந்த ஊரு, சம்பளம் எவ்ளோ?': அமெரிக்கர்களிடம் இதை ஏன் கேட்கக் கூடாது?

டெல்லி மந்திர் மார்க்கில் ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. வேலைக்காகத் தலைநகருக்கு வந்த தமிழர் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொரு தமிழரைப் பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவார்? "நீங்க எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா? சம்பளம் எவ்ளோ வருது?" பெரும்பாலும் யாரும் தப்பாக எடுத்துக்க மாட்டாங்க. வெளியூரில் அது ஒரு ஒட்டுதல்.

அதே கேள்விகளை அன்று மாலை அமெரிக்க டீமுடன் நடக்கும் வீடியோ காலில் கேட்டால், மறுபக்கம் சட்டென அமைதியாகிவிடும். ஏன்?

எதையெல்லாம் கேட்க மாட்டார்கள்?

வயது, உடல் எடை, சம்பளம், மதம், யாருக்கு ஓட்டு, ஏன் இன்னும் குழந்தை இல்லை. அதிகம் பழகாதவரிடம் இவற்றைக் கேட்பது அமெரிக்கர்கள் மத்தியில் அநாகரிகம். "கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க போல" என்று நாம் அக்கறையாகச் சொல்வது அங்கே அவமானம்.

வானிலை, வார இறுதி, விளையாட்டு, வீட்டு நாய் பற்றியெல்லாம் தாராளமாகப் பேசலாம். "ஹவ் ஆர் யூ?" என்றால் உடம்பு வலியை விவரிக்க வேண்டாம். நம்ம ஊர் "சாப்டீங்களா?" மாதிரி அது ஒரு வணக்கம்தான். "குட், யூ?" போதும்.

இது வெறும் மரியாதையா, சட்டமா?

இரண்டும்தான். 1964-ஆம் ஆண்டின் சமூக உரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 1967-இல் வந்த இன்னொரு சட்டம் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. இன்டர்வியூவில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு வேலை தராவிட்டால், அந்தக் கேள்வியே நாளைக்கு வழக்கில் சாட்சியாகலாம். அதனால்தான் அமெரிக்க ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, திருமண விவரம் எதுவும் இருக்காது.

சம்பள விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. சக ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பற்றிப் பேசும் உரிமையை 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டமே பாதுகாக்கிறது. பேச்சுவழக்கில்தான் அது இன்னும் கூச்சத்துக்குரியது. பழைய சம்பளம் எவ்வளவு என்று வேலை கொடுப்பவர் கேட்பதை கலிஃபோர்னியா 2018 முதல் தடை செய்திருக்கிறது. குறைவாக வாங்கியவர் எப்போதும் குறைவாகவே வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பது காரணம்.

மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா?

இன்று பெரும்பாலான அலுவலகங்களில் கூப்பிடலாம். 'சார்' போட்டால்தான் சிரிப்பார்கள். ஆனால் பெயர் சொல்லி அழைப்பதற்கு அங்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு.

தென் மாநிலங்களில் வெள்ளையரைக் கறுப்பினத்தவர் 'மிஸ்டர்', 'மிஸ்' சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். பதிலுக்கு, வயதில் மூத்த கறுப்பினத்தவரைக்கூட வெள்ளையர்கள் வெறும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். 1963-இல் அலபாமா நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று அழைத்ததால், மேரி ஹாமில்டன் என்ற சமூக உரிமைப் போராளி பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மரியாதைச் சொல் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதே அங்கே ஒரு தீண்டாமையாக இருந்தது.

மந்திர் மார்க்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ரீடிங் ரோடு என்பது இந்தச் சாலையின் பழைய பெயர். இங்குள்ள பிர்லா மந்திர் என்கிற லட்சுமி நாராயணர் கோயிலை 1939-இல் காந்தி திறந்து வைத்தார். எல்லாச் சாதியினரையும் உள்ளே விட வேண்டும் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. அதே சாலையில் வால்மீகி கோயில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர்கள் வாழ்ந்த அந்தக் குடியிருப்பில் 1946-47-இல் காந்தி பல மாதங்கள் தங்கினார். தலைவர்கள் அவரைப் பார்க்க அங்கேதான் வந்தார்கள்.

கோயில் கதவு திறந்ததோடு சாதி போய்விடவில்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? நீங்க வெஜ்ஜா? அப்பா பேர் என்ன?" என்று சாதியைக் கண்டுபிடிக்கும் சாதாரணக் கேள்விகளாக அது மாறிக்கொண்டது. சிலருக்கு இவை அன்பான விசாரிப்பு. வேறு சிலருக்கு, பதில் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுமோ என்ற பயம்.

இந்தக் கேள்விகள் விமானம் ஏறி அமெரிக்காவுக்கும் போயிருக்கின்றன. முதுகில் தட்டுவது போல பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள் என்று அங்குள்ள தலித் ஊழியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாதிப் பாகுபாடு தொடர்பாக சிஸ்கோ நிறுவனம் மீது கலிஃபோர்னியா அரசு 2020-இல் வழக்கு தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார்.

அப்போ 'எந்த ஊரு?' என்று கேட்கவே கூடாதா?

கேட்கலாம். ஆனால் முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்க: "நான் திருநெல்வேலி பக்கம்." அவருக்கு விருப்பம் இருந்தால் தன் ஊரைச் சொல்வார். "தமிழ்நாடுதான்" என்று மட்டும் சொன்னால் அங்கேயே விட்டுடுங்க. தெரு, குலதெய்வம், அப்பா பெயர் வரைக்கும் போக வேண்டாம். டெல்லியில் உங்க பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் இதே மரியாதை பொருந்தும்.