பழைய ஜீப் வண்டிகளின் விசைப் பகிர்வுப் பெட்டி: தேர்வும் திருத்தமும்

நான்கு சக்கரங்களாலும் இயங்கும் மோட்டார் வண்டிகளுள் நம் நாட்டினர் நன்கறிந்தது ஜீப் ஆகும். வில்லிஸ் நிறுவனத்தின் அமைப்பைத் தழுவிய இவ்வண்டிகள் 1940களின் இறுதியிலிருந்து பம்பாயில் உறுப்புகள் இணைக்கப்பட்டும், பின்னர் உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டும் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆயினும் பழைய பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் பூண்டவை அவற்றுள் உண்டு. அவ்வாறு எஞ்சின் மாறிய பின்னர், டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் விசைப் பகிர்வுப் பெட்டியையும் மாற்ற வேண்டுமா, அன்றிப் பழையதையே திருத்திக் கொள்ளலாமா என்னும் வினா எழுகின்றது. இப்பெட்டியைத் தனியொரு உறுப்பாகக் கருதித் தேர்ந்தெடுத்தல் ஆகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியின் பணி

எஞ்சினின் விசை முதலில் கியர் பெட்டியை அடைகின்றது. அதன் பின்புறம் இணைந்துள்ள பகிர்வுப் பெட்டி இரு பணிகளைச் செய்கின்றது. விசையைப் பின் ஆக்சிலுக்கும், வேண்டும்போது முன் ஆக்சிலுக்கும் அனுப்புவது ஒன்று. சாதாரண வேகம், தாழ்ந்த வேகம் என இரு நிலைகளை அளிப்பது மற்றொன்று. தாழ்நிலையில் சக்கரங்களின் வேகம் குறைந்து, அவற்றைத் திருப்பும் விசை அதே விகிதத்தில் பெருகும்.

பழைய ஜீப்புகளில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிபரென்ஷியல் கிடையாது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையைக் கடக்கின்றன. சேற்றிலும் மணலிலும் டயர்கள் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டைச் சரி செய்துகொள்ளும். உலர்ந்த தார்ச் சாலையில் அதற்கு இடமில்லை. அச்சுகளும் பற்களும் முறுக்கேறி நெருக்குண்ணும். ஆகவே அத்தகைய சாலையில் முன் ஆக்சிலை இணைத்து ஓட்டலாகாது.

எண்கள் கூறுவன

தாழ்நிலையின் பயனை ஒரு கணக்கால் அறியலாம். கியர் பெட்டியின் முதல் கியர் விகிதம், பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை விகிதம், ஆக்சிலின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் இவை முறையே 2.665, 1.97, 4.88, பெருக்குத்தொகை ஏறத்தாழ 25.6. போருக்குப் பிந்திய சி.ஜே.-3பி வண்டியில் இவை 2.798, 2.46, 5.38, பெருக்குத்தொகை ஏறத்தாழ 37.

டயரின் சுற்றளவு சுமார் 2.25 மீட்டர் எனக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 முறை சுழலும்போது முதல் வண்டி மணிக்கு 5.3 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டாவது 3.6 கிலோமீட்டர் வேகத்திலும் நகரும். அதாவது, மனிதன் விரைந்து நடக்கும் வேகத்திற்கும் மெல்ல நடக்கும் வேகத்திற்கும் உள்ள வேறுபாடே இது. பாறை நிறைந்த சரிவில் இறங்கும் ஓட்டுநருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

பழைய பெட்டியின் இயல்பு

மேற்கூறிய இரு வண்டிகளிலும் உள்ளது ஸ்பைசர் 18 என்னும் பெட்டி. இதன் உறை வார்ப்பிரும்பால் ஆனது. உள்ளே சங்கிலி கிடையாது, பற்சக்கரங்களே உள்ளன. முன், பின் ஆக்சில்களுக்குச் செல்லும் விசை இரண்டுமே வண்டியின் வலப்புறமாக வெளியேறுகின்றது. இதனால் சாதாரண நிலையிலுங்கூட விசை முழுவதும் ஓர் இடைப் பற்சக்கரத்தின் வழியே செல்ல வேண்டியதாகின்றது. இப்பெட்டிக்குரிய ஓசைக்கும் தேய்வுக்கும் முதற்காரணம் இதுவே.

அவ்விடைச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் விட்டம் தொடக்கத்தில் முக்கால் அங்குலமாக இருந்தது. பின்னர் படிப்படியாகப் பருக்கப்பட்டு, முதலில் 1⅛ அங்குலமாகவும் இறுதியில் 1¼ அங்குலமாகவும் ஆயிற்று. பழைய பெட்டியைச் செப்பனிட விழைவோர் முதலில் இவ்வச்சை அளந்தறிதல் வேண்டும். முக்கால் அங்குல அச்சுடைய பெட்டியை வலிமை மிக்க எஞ்சினுடன் இணைப்பது அறிவுடைமையன்று.

மாற்றுப் பெட்டிகள்

1972 முதல் சி.ஜே. வகை ஜீப்புகளில் இடம்பெற்ற டேனா 20 பெட்டியில், சாதாரண நிலையில் விசை இடைச் சக்கரத்தின் துணையின்றி நேராகப் பின்னோக்கிச் செல்லும். ஆதலின் ஓசையும் தேய்வும் குறைவு. ஆனால் அதன் தாழ்நிலை விகிதம் 2.03 மட்டுமே. 1980 முதல் 1986 வரை வந்த டேனா 300 பெட்டியில் இவ்விகிதம் 2.62 ஆக உயர்ந்தது. அதற்குப் பின் ஜீப்பில் இடம்பெற்ற என்.பி. 231 பெட்டி 2.72 விகிதம் உடையது. அலுமினிய உறையும் உட்சங்கிலியும் கொண்டு எடை குறைந்தது.

எண்களை மட்டும் நோக்கின் கடைசிப் பெட்டியே சிறந்ததெனத் தோன்றும். எனினும் விசை வெளியேறும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். டேனா 20, டேனா 300 ஆகியவற்றின் முன்புற விசை பழைய ஜீப்பைப் போலவே வலப்புறம் வெளியேறும். பின்புற விசையோ நடுவை ஒட்டி வெளியேறும். எனவே டிபரென்ஷியல் வலப்புறம் ஒதுங்கியுள்ள பழைய பின் ஆக்சில் அவற்றோடு நேர்படாது. ஜீப்பில் இடம்பெற்ற என்.பி. 231 பெட்டியில் முன்புற விசையும் இடப்பக்கமாக வெளியேறுவதால் முன் ஆக்சிலையும் மாற்ற நேரிடும். ஒரு பெட்டியை மாற்றப் புகுந்தவர் இரண்டு ஆக்சில்களையும் மாற்றி முடிக்கும் நிலை இவ்வாறே உண்டாகின்றது.

திருத்தங்கள்

பழைய பெட்டியையே வைத்துக்கொள்ள விரும்புவோர் முதலில் தேய்ந்த இடைச் சக்கரம், அச்சு, ஊசி உருளைகள், ஓரத் தகடுகள், எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் ஆகியவற்றைப் புதுப்பித்தல் வேண்டும். ஓசை பெரும்பாலும் இதனாலேயே தணியும்.

டீசல் எஞ்சின் பொருத்தியோர்க்கு வேறொரு குறை தோன்றக்கூடும். 5.38 விகித ஆக்சிலுடன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 3,190 முறை சுழல வேண்டும். மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சினுக்கு இது மிகுதி. ஸ்பைசர் 18 பெட்டியின் பின்புறத் திறப்பில் ஓவர்டிரைவ் என்னும் துணைக் கருவியைப் பொருத்தினால் எஞ்சினின் சுழற்சி நான்கில் ஒரு பங்கு குறைந்து, 2,390 அளவுக்கு இறங்கும். ஆக்சிலை மாற்றாமலே பெறக்கூடிய நற்பயன் இது.

மற்றொரு திருத்தத்தில் எச்சரிக்கை தேவை. முன் ஆக்சிலை இணைக்காமல் தாழ்நிலைக்குச் செல்லாதபடி பெட்டியினுள் ஒரு சிறு தடைத் துண்டு உள்ளது. அதனை அகற்றினால் பின் சக்கரங்களை மட்டும் தாழ்நிலையில் ஓட்டலாம்; குறுகிய இடத்தில் திரும்புவதற்கு அது எளிது. ஆனால் இரு ஆக்சில்கள் பகிர வேண்டிய விசை முழுவதையும் ஒன்றே ஏற்க நேரும். பெரிய டயர்கள் பூட்டிய வண்டியில், டயர் வழுக்கும் முன்னரே ஆக்சில் தண்டு முறிந்துவிடலாம்.

மறவாமல் காண வேண்டியவை

பழைய ஜீப்பின் கைப் பிரேக், சக்கரங்களில் அன்றிப் பகிர்வுப் பெட்டியின் பின்புறத்திலேயே அமைந்துள்ளது. பெட்டியைக் கழற்றினால் கைப் பிரேக்கும் உடன் போய்விடும். புதிய பெட்டியில் அதற்கு இடமில்லையாயின், பின் சக்கரங்களில் கம்பியால் இயங்கும் கைப் பிரேக்கை அமைத்த பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொணர்தல் வேண்டும். பழைய அமைப்பிலும், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் இப்பிரேக் வண்டியைத் தாங்காது. டிபரென்ஷியல் வழியே தூக்கிய சக்கரம் சுழல, வண்டி உருளும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுதல் இன்றியமையாதது. மேலும், பகிர்வுப் பெட்டி நடுநிலையில் இருப்பின் கியரில் நிறுத்திய வண்டியும் உருளும் என்பதை நினைவிற் கொள்க.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது. பணியைத் தொடங்குமுன் பதிவு அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

சுருங்கக் கூறின், வண்டி செய்ய வேண்டிய வேலை, எஞ்சினின் திறன், ஆக்சில்களின் வலிமையும் டிபரென்ஷியல்களின் இடமும், கைப் பிரேக்கின் அமைப்பு ஆகியவற்றை இவ்வரிசையில் ஆராய்ந்து, இறுதியிலேயே பெட்டியைத் தீர்மானித்தல் வேண்டும். அவ்வாறு ஆராயின், நல்ல அச்சும் புதிய உருளைகளும் பெற்ற பழைய பெட்டியே போதுமானது என்னும் முடிவு பல வண்டிகளுக்குப் பொருந்தும்.