பட்டாணி அளவுச் சுரப்பியும் ஒரு பெரிய காந்தமும்

மாணவர்களே, சபைகூடலில் உயர வரிசைப்படி நிற்கும்போது ஆண்டுதோறும் முதல் ஆளாகவே நிற்கும் நண்பர் உங்கள் வகுப்பில் இருக்கிறாரா? பெற்றோர் குட்டையாக இருந்தால் பிள்ளையும் அப்படி இருக்கலாம். சிலருக்குப் பருவ வளர்ச்சி சற்றுத் தாமதமாகத் தொடங்கும். இவை நோயல்ல. ஆனால், மிகச் சிலருக்குக் காரணம் தலைக்குள் இருக்கிறது. காற்பந்து வீரர் லியோனல் மெஸ்ஸிக்கும் சிறுவயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு கண்டறியப்பட்டு, ஊசி வழியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

சுரப்பது எங்கே?

மூக்கிற்குப் பின்னால், மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. பட்டாணி அளவுதான், எடை ஏறத்தாழ அரை கிராம். மேலே உள்ள ஹைப்போதலாமஸ் ஒரு மெல்லிய தண்டின் வழியாகக் கட்டளை அனுப்ப, சுரப்பியின் முன்பகுதி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது.

இந்த ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம். எனவே, ஒரே ஓர் இரத்தச் சோதனை போதாது. சுரப்பியைத் தூண்டும் மருந்து கொடுத்துப் பலமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். குறைபாடு உறுதியானால், "ஏன்?" என்ற கேள்வி எழும். அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. படம்.

படம் சொல்லும் கதை

எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அது உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்களை ஒழுங்குபடுத்தும். பின் ரேடியோ அலை பாய்ச்சப்படும். அலை நின்றதும் அக்கருக்கள் திருப்பித் தரும் சமிக்ஞையைக் கணினி படமாக்கும். எக்ஸ்-கதிர் இல்லை, வலியும் இல்லை. சத்தம் மட்டும் பலமாக இருக்கும். அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

மருத்துவர் முக்கியமாக மூன்றைக் கவனிப்பார். சுரப்பியின் முன்பகுதி சிறுத்துள்ளதா? தண்டு மெலிந்தோ அறுபட்டோ உள்ளதா? சுரப்பியின் பின்பகுதியில் தெரியவேண்டிய வெண்புள்ளி தன் இடத்தில் உள்ளதா?

அந்தப் புள்ளி சில பிள்ளைகளுக்கு மேலே, ஹைப்போதலாமஸ் அருகிலேயே தெரியும். கருவில் நாம் உருவாகும்போது பிட்யூட்டரியின் முன்பகுதி வாயின் மேற்கூரையிலிருந்து மேலே வருகிறது. பின்பகுதி மூளையிலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் நடுவழியில் சேர்ந்தே ஒரு சுரப்பி ஆகிறது. அந்த இறக்கம் பாதியில் நின்றுபோனதைத்தான் இடம் மாறிய புள்ளி காட்டுகிறது.

சில வேளைகளில் சுரப்பியை அழுத்தும் கட்டி ஒன்றும் படத்தில் தெரியவரும். பார்வை நரம்புகள் மிக அருகில் இருப்பதால் அதை விரைவில் கண்டறிவது முக்கியம். படம் இயல்பாக இருந்தாலும் குறைபாடு இல்லை என்று பொருளல்ல. சுரப்பியின் அமைப்பு சரியாக இருந்தும் ஹார்மோன் குறையலாம்.

காலம் காத்திருக்காது

இன்று ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்படும் ஹார்மோனை ஊசியாகப் போடலாம். ஆனால், பருவ வளர்ச்சியின் முடிவில் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ளும். அதன்பின் எந்த ஊசியும் உயரத்தைக் கூட்டாது.

பருவமடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வளரும். உங்கள் தம்பி தங்கையின் உயரத்தை ஆறு மாதத்திற்கு ஒருமுறை சுவரில் கோடிட்டுக் குறித்து வையுங்கள். கோடுகள் நகராமல் நின்றால் பெற்றோரிடம் சொல்லுங்கள். வரிசையில் முதலில் நிற்பவரைக் 'குள்ளன்' என்று கேலி செய்வதைவிட, அந்தக் கோடு எவ்வளவோ பயனுள்ளது.