வற்றிய போருக்கு நீரழுத்த வைத்தியம்

தென்காசி மாவட்டம் திருவேங்கடம் வட்டாரம் பெரும்பாலும் கரிசல் பூமி. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மிளகாய் ஆகியவை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மானாவாரியில் விளைகின்றன. கிணறு உள்ள தோட்டக்காரர்களுக்கோ சித்திரை பிறந்ததும் கவலை. வெட்டுக் கிணறு வற்றினால் அதற்குள் ஒரு போர், அதுவும் வற்றினால் பக்கத்தில் இன்னொரு போர் என்று ஒரே தோட்டத்தில் இரண்டு, மூன்று துளைகள் போட்டுக் கடனாளியானவர்கள் பலர்.

புதிய போர் போடாமல், பழைய போரிலேயே தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையிலுள்ள ஊற்றுக்கண்களைத் திறக்கும் முறை ஒன்று உண்டு. இதை நீரழுத்தப் பிளவு முறை எனலாம். ‘ஹைட்ரோ பிராக்சரிங்’ என்றால் போர் வண்டிக்காரர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் குறைந்த நீர் தரும் குடிநீர்ப் போர்களைச் சீராக்க இம்முறையைக் கையாண்டு வருகிறது. பாசனப் போருக்கும் இது பயன்படுமா, தோட்டத்து மின்மோட்டாரைக் கொண்டே இதைச் செய்ய முடியுமா என்று விவசாயிகள் கேட்பது இயல்பு. செலவு செய்யும் முன் இக்கேள்விகளுக்கு விடை காண்பது நல்லது.

பாறையில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

இந்த வட்டாரத்தில் கரிசல் மண்ணுக்கும் சுக்கானுக்கும் கீழே இருப்பது கடினப் பாறை. மணலைப் போல இப்பாறை தன் உடலில் நீரைத் தேக்கி வைப்பதில்லை. மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கிலும், அதன் கீழே ஓடும் விரிசல்களிலும் மட்டுமே நீர் தங்கும். போர் போடும்போது துளை நல்ல விரிசலைத் தொட்டால் தண்ணீர் கிடைக்கும். நான்கு அடி தள்ளி விரிசல் ஓடினால் கல்தூள்தான் வரும். சில போர்களில் துளை விரிசலைத் தொட்டிருந்தும், அது மயிரிழை போல மெல்லியதாகவோ களிமண் அடைத்தோ இருப்பதால் நீர் கசிந்து மட்டும் வருகிறது.

நீரழுத்த முறை இத்தகைய விரிசல்களைத்தான் அகலமாக்குகிறது. அடைப்பைக் கழுவி விடுகிறது. துளைக்கு அருகிலுள்ள விரிசலோடு இணைப்பையும் உண்டாக்கலாம். ஆனால் இல்லாத தண்ணீரை இது உண்டாக்காது. இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

வேலை நடக்கும் விதம்

போரிலுள்ள நீர்மூழ்கி மோட்டாரையும் குழாய்களையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு கம்ப்ரஸர் கொண்டு ஊதி, அடியில் தங்கிய சேற்றை அகற்ற வேண்டும். அதன்பின் ‘பேக்கர்’ எனப்படும் ரப்பர் அடைப்பானை இரும்புக் குழாயில் பொருத்தி உள்ளே இறக்குவார்கள். இது கேசிங் குழாய் முடியும் இடத்திலிருந்து நன்கு கீழே, உறுதியான பாறையில் நிற்க வேண்டும். அடைப்பான் உப்பித் துளையின் சுவரை இறுகப் பிடித்துக் கொள்ளும்.

மேலே நிற்கும் லாரியிலுள்ள உயர் அழுத்த பம்பு, டேங்கர் நீரை அடைப்பானுக்குக் கீழே செலுத்தும். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போகும். விரிசல் திறந்த கணத்தில் முள் சட்டென்று இறங்கும். அதோடு நிறுத்தாமல் மேலும் சில நிமிடங்கள் நீரைச் செலுத்தினால்தான் விரிசலில் உள்ள களிமண்ணும் தூளும் கழுவப்படும். பிறகு அடைப்பானை இன்னும் ஆழத்தில் இறக்கி அதே வேலையைத் திரும்பச் செய்வார்கள்.

200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் ஆழத்தில், மேலேயுள்ள பாறையின் பாரமே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ இருக்கும். அந்தப் பாரத்தையும் பாறையின் பிடிப்பையும் வென்றாக வேண்டும். ஆகவே 50 முதல் 150 கிலோ வரையான அழுத்தம் தேவைப்படுகிறது.

தோட்டத்து மோட்டார் போதாதா?

போதாது. காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் என்பது தண்ணீரை 1,000 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமம். ஒரு குதிரை சக்தி என்பது நொடிக்கு 75 கிலோ எடையை 1 மீட்டர் தூக்கும் சக்தி. நொடிக்கு 5 லிட்டர் வீதம் அந்த அழுத்தத்தில் செலுத்த வேண்டுமானால் 5,000-ஐ 75-ஆல் வகுக்க, சுமார் 67 குதிரை சக்தி வருகிறது. பம்பிலும் இணைப்பிலும் வீணாவதைச் சேர்த்தால் 80 குதிரை சக்தி வேண்டும்.

5 குதிரை சக்தி மோட்டாரைத் தக்க பம்போடு இணைத்தாலும் அந்த அழுத்தத்தில் நொடிக்கு 300 மில்லி லிட்டர் அளவே செலுத்த முடியும். அந்தச் சிறிதளவு நீர் நுண்ணிய விரிசல்கள் வழியே கசிந்து போய்விடுமாதலால் அழுத்தம் ஏறவே ஏறாது. சாதாரண நீர்மூழ்கி பம்பின் நிலையும் இதுதான். 150 மீட்டர் உயரம் ஏற்றும் பம்பு தரக்கூடிய அழுத்தம் 15 கிலோதான். அதன் வாயை அடைத்து ஓட்டினால் பம்புதான் கெடும், பாறை பிளக்காது.

அப்படியானால் 80 குதிரை சக்தி மின்மோட்டாரைக் கொண்டு வந்து தோட்டத்து இணைப்பில் ஓட்டலாமா என்றால், அதுவும் கூடாது. அத்தகைய மோட்டார் ஏறக்குறைய 80 கே.வி.ஏ. மின்சாரம் கேட்கும். கிராமங்களில் பல தோட்டங்களுக்குச் சேர்த்து இருப்பதே 63 அல்லது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வோல்டேஜ் விழுந்து அக்கம்பக்கத்து மோட்டார்கள் புகையும். தவிர, விவசாய இணைப்பு குறிப்பிட்ட பளுவுக்குப் பாசன பம்பு ஓட்ட அனுமதிக்கப்பட்டது. வேறு இயந்திரத்தை அதில் மாட்டுவது விதிமீறல். எனவேதான் இந்த வேலைக்கு வரும் வண்டிகளில் டீசல் என்ஜினே பம்பை ஓட்டுகிறது.

எண்ணெய் வயலில் மின்சாரம்

இம்முறை முதலில் வந்தது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில். 1947-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹியூகோட்டன் எரிவாயு வயலில் சோதனை நடந்தது. 1949-ல் வணிக முறையில் தொடங்கியது. அங்கே ஒரே கிணற்றுக்கு 2,000 குதிரை சக்திக்கு மேற்பட்ட பம்பு வண்டிகள் பதினைந்து, இருபது வரிசையாக நிற்கும். டீசல் செலவும் புகையும் இரைச்சலும் மிகுதியானதால், சுமார் பத்து ஆண்டுகளாக அங்கே மின்மோட்டாரால் இயங்கும் பம்புகள் பெருகி வருகின்றன. வயலில் கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டே டர்பைன் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். சில இடங்களில் மின்கம்பியிலிருந்தும் எடுக்கிறார்கள். மோட்டாரின் வேகத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்க முடிவது பெரிய வசதி. அதற்கென்றே மின்நிலையம் இருப்பதால் அங்கே இது முடிகிறது.

இந்த எண்ணெய் வயல் வேலையையும் போர் வேலையையும் ஒன்றென நினைத்து அஞ்சுவோர் உண்டு. அங்கே பல ஆயிரம் அடி ஆழத்தில் மணலும் ரசாயனங்களும் கலந்த நீரைச் செலுத்துகிறார்கள். காவிரிப் படுகையில் இத்தகைய எரிவாயுத் திட்டங்களுக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2020-ல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அம்மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்தது. நீர்ப் போரில் செலுத்த வேண்டியது சுத்தமான தண்ணீர் மட்டுமே. வேறு எதையும் கலக்க விவசாயி அனுமதிக்கக் கூடாது.

எந்தப் போருக்குப் பலிக்கும்?

முன்பு ஓரளவு நீர் தந்து பின் குறைந்த போர், துளையில் ஈர விரிசல்கள் தென்பட்ட போர், சுற்றிலும் நல்ல நீருள்ள கிணறுகள் இருக்க இது மட்டும் ஏமாற்றிய போர் ஆகியவற்றில் பலன் எதிர்பார்க்கலாம். அக்கம்பக்கத்துப் போர்கள் அனைத்தும் வற்றி, நீர்மட்டமே விரிசல்களுக்குக் கீழே போய்விட்ட இடத்தில் பலனில்லை. சுவர் சரிந்த போரிலும், கேசிங் சரியில்லாத போரிலும் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பக்கத்துத் தோட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்துவிட்ட விரிசல் அடுத்தவர் கிணற்றோடு சேர்ந்தால், இங்கே கூடிய தண்ணீர் அங்கே குறைந்த தண்ணீராக இருக்கக்கூடும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரு கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து வைத்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

கூடுதல் தண்ணீரின் மதிப்பு

ஒரு போரில் இம்முறையால் நிமிடத்துக்கு 12 லிட்டர் கூடியதாக வைத்துக் கொள்வோம். ஒரு கைப்பம்புக்கு அதுவே போதும். மணிக்கு 720 லிட்டர் வீதம் ஆறு மணி நேரத்தில் 4,320 லிட்டர் கிடைக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் 78 பேருக்குத் தண்ணீர். குடிநீர்ப் போருக்கு இது பெரிய வெற்றி.

பருத்திக்கோ கதை வேறு. ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் நீர் கட்ட சுமார் 1,03,000 லிட்டர் வேண்டும். இந்தக் கூடுதல் நீரைக் கொண்டு அதைச் சேர்க்க 24 நாட்கள் ஆகும். வாய்க்காலில் விட்டால் பாதி வழியிலேயே கரிசல் குடித்துவிடும். சொட்டுநீர் அமைத்து, நாளொன்றுக்கு 4 மில்லி மீட்டர் தேவைப்படும் காய்கறிக்குப் பாய்ச்சினால் சுமார் 27 சென்ட் நிலத்தைக் காப்பாற்றலாம். ஆகவே இம்முறையைச் சொட்டுநீரோடு சேர்த்தே பாசனத்துக்கு யோசிக்க வேண்டும். கூடிய நீரை வைத்துப் பரப்பளவைப் பெருக்கத் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

கவனிக்க வேண்டியவை

1. வேலைக்கு முன்னும் பின்னும் நீர்வரத்தை அளக்க வேண்டும். மோட்டாரை ஓட்டி, தேங்கிய நீர் இறங்கி மட்டம் நிலைத்தபின் 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். 100 நொடியில் நிரம்பினால் மணிக்கு 7,200 லிட்டர்.

2. அளவைக் கோடையில் எடுப்பது நல்லது. வைகாசியில் வேலை செய்து மார்கழியில் அளந்தால் மழை கூட்டிய நீரும் இயந்திரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

3. அடைப்பான் நின்ற ஆழம், ஏறிய அழுத்தம், செலுத்திய நேரம் ஆகியவற்றைப் போர் வண்டிக்காரரிடம் எழுதி வாங்க வேண்டும். முள் ஒருமுறைகூட இறங்கவில்லையென்றால் விரிசல் திறந்ததற்கு அறிகுறி இல்லை.

4. அழுத்தம் ஏறும் நேரத்தில் போரின் வாய் அருகிலும் ஹோஸ் அருகிலும் யாரும் நிற்கக் கூடாது. அடைப்பான் நழுவினால் இரும்புக் குழாய் மேலே பாயும்.

5. வேலை முடிந்தபின் புதிய நீர்வரத்துக்குத் தக்க மோட்டாரையே இறக்க வேண்டும். வரத்துக்கு மிஞ்சிய மோட்டார் சில நிமிடங்களில் போரைக் காலி செய்து, வெறும் துளையில் ஓடிக் காயில் எரியும். நீர் குறைந்தால் தானே நிறுத்தும் கருவி பொருத்துவது சிக்கனம்.

6. மழைநீரைப் போர் அருகே சேர்க்கும்போது கரிசல் கலங்கலை நேராகப் போருக்குள் விடக் கூடாது. செலவு செய்து திறந்த விரிசலை அந்தக் களிமண்ணே அடைத்துவிடும். பண்ணைக் குட்டையில் தெளியவிட்டு, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியே இறங்கச் செய்ய வேண்டும்.

பலிக்காத போரை அப்படியே திறந்து விடுவது பெரும் குற்றம். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் மூடாத போரில் விழுந்த 3 வயதுக் குழந்தை, உள்ளே இறக்கிய இயந்திரக் கையால் உயிரோடு மீட்கப்பட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த 2 வயதுக் குழந்தையை மீட்க முடியவில்லை. பயன்படாத போரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி, மேலே சிமெண்டால் மூட வேண்டும். நிரப்பும் வரை இரும்பு மூடி போட்டு இறுக்கி வைப்பது அவசியம்.

முடிவு செய்யும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம். மின்தடை அளக்கும் கருவியால் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் வசதி அத்துறையில் உண்டு. ஆய்வு சாதகமாக இருந்தால் பழைய போருக்கு வைத்தியம் பார்க்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தைப் பண்ணைக் குட்டைக்கும் சொட்டுநீருக்கும் போடுவதே திருவேங்கடம் கரிசலுக்குப் பொருத்தமானது.